அரை அங்குலக் கணக்கு: குவில்ட் தையலில் வளைவு

துணிக்கு நேர்கோடுதான் இயல்பு. ஜவுளிக்கடைக்காரர் ஓரத்தில் கத்தரியால் ஒரு வெட்டு வைத்து இரு கையாலும் இழுத்தால், துணி நூலோடு நூலாக நேரே கிழியும். வளைத்துக் கிழிக்க யாராலும் முடியாது. பாவும் ஊடையும் விடாது. துண்டுத் துணிகளை இணைத்துப் போர்வை தைக்கும் மரபுகளில் சதுரமும் முக்கோணமும் பட்டையும் பெரும்பான்மையாக இருப்பதற்கு இது முதற்காரணம். வடகன்னட மாவட்டத்துச் சித்தி மக்கள் தைக்கும் கவந்தி ஆகட்டும், அமெரிக்க வீடுகளின் 'லாக் கேபின்' போர்வை ஆகட்டும், நேர்விளிம்புத் துண்டுகளால் ஆனவையே. வளைந்த இரண்டு ஓரங்களை ஒன்றோடொன்று பொருத்தித் தைப்பது எங்கும் சிறுபான்மை.

ஏன் என்று கேட்டால் குவில்ட் உலகம் தரும் விடை, அது கடினம் என்பது. வகுப்புகளில் சதுரமும் முக்கோணமும் படிந்த பிறகே வளைவுக்கு வருகிறார்கள். இந்த விடை தவறல்ல, அரைகுறை. வளைவு எல்லாக் காலத்திலும் ஒரே அளவு கடினமாக இருந்ததில்லை. கையில் இருக்கும் கருவி மாறமாற அதன் விலை ஏறியிருக்கிறது, இறங்கியிருக்கிறது. தைப்பவரின் திறமையைவிடக் கருவியே இதில் அதிகம் தீர்மானித்திருக்கிறது என்பது என் எண்ணம். அதைக் காட்டுவதற்குமுன் கொஞ்சம் வடிவக்கணக்கு பேசியாகவேண்டும்.

குவில்ட் என்பது மூன்றடுக்கு. மேலே துண்டுகள் இணைந்த துணி, நடுவே பஞ்சு, அடியில் இன்னொரு துணி. மூன்றையும் பிடித்து நிறுத்தும் ஓட்டுத்தையல். மேலடுக்கில் வளைவு வர இரண்டு வழி உண்டு. வளைந்த துண்டை இன்னொரு துணியின்மேல் வைத்து ஓரம் மடித்துத் தைப்பது ஒன்று. தஞ்சாவூர்ப் பக்கத்துத் தேர்ச்சீலைகளிலும் தேரில் தொங்கும் தொம்பைகளிலும் கொடியும் பூவும் வருவது இந்த ஒட்டுவேலையால்தான். அடியில் முழுத்துணி தாங்குவதால் வளைவு எவ்வளவு சுருண்டாலும் கவலையில்லை. மற்றதில் அப்படித் தாங்கும் துணி எதுவும் இல்லை. குவிந்த ஓரமுள்ள துண்டும் குழிந்த ஓரமுள்ள துண்டும் தையலால் சேர்ந்து, தாமே துணியாகின்றன. இந்தக் கட்டுரை இரண்டாவது வழியைப் பற்றியது.

மிக எளிய கட்டத்தை எடுத்துக்கொள்வோம். ஒரு சதுரம், அதன் மூலையில் ஒரு கால்வட்டத் துண்டு, மீதி இடத்தை நிரப்ப வட்டமாகக் குடைந்த இன்னொரு துண்டு. 'டிரங்கர்ட்ஸ் பாத்', அதாவது குடிகாரன் பாதை என்று இதற்குப் பெயர். ஆரம் 3 அங்குலம் என்றால், தையல் விழவேண்டிய கோட்டின் நீளம் இரண்டு துண்டிலும் ஒன்றேதான், சுமார் 4.71 அங்குலம். ஆனால் அந்தக் கோட்டுக்கு வெளியே ஒவ்வொரு துண்டிலும் கால் அங்குலம் ஓரம் விட்டு வெட்டவேண்டும். குவில்ட்டில் அதுதான் வழக்கம். கால்வட்டத் துண்டின் வெட்டோரம் இப்போது 3.25 அங்குல ஆரத்தில் ஓடுகிறது, நீளம் 5.1 அங்குலம். குடைந்த துண்டின் வெட்டோரமோ 2.75 அங்குல ஆரத்தில் ஓடுகிறது, நீளம் 4.32. வித்தியாசம் 0.785 அங்குலம், முக்கால் அங்குலத்துக்குச் சற்று மேல். நாம் விரலால் பிடித்துச் சேர்ப்பது தையல் கோடுகளை அல்ல, இந்த வெட்டோரங்களை. ஒன்று அலையலையாக எழும்பும், மற்றது இழுபடும். வளைவுத் தையலின் தொல்லை முழுவதும் இந்த ஓர் இடத்தில் இருக்கிறது.

வியப்பு என்னவென்றால், அந்த 0.785 ஆரத்தைப் பொறுத்ததே இல்லை. ஆரம் 1 அங்குலமானாலும் 6 அங்குலமானாலும் கால்வட்டத்துக்கு அதே முக்கால் சொச்சம்தான். இரு பக்கத்து ஓரங்களும் சேர்ந்து அரை அங்குலம். வளைவு மொத்தம் எவ்வளவு திரும்புகிறதோ அந்தக் கோணத்தை ரேடியனில் எடுத்து அரையால் பெருக்கினால் வித்தியாசம் கிடைத்துவிடும். ஆனால் 6 அங்குல ஆரத்தில் அது தையல் நீளத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கு. 3 அங்குலத்தில் ஆறில் ஒரு பங்கு. 1 அங்குலத்தில் சரிபாதி. சின்ன வட்டம் ஏன் அடம்பிடிக்கிறது என்பதும், புதிதாகக் கற்பவரைப் பெரிய வட்டத்தில் ஏன் தொடங்கச் சொல்கிறார்கள் என்பதும் இதிலேயே விளங்கும். தையல் ஓரத்தைப் பாதியாகக் குறைத்தால் வித்தியாசமும் பாதியாகும். ஆனால் அரைக்கால் அங்குல ஓரம் துவைக்கத் துவைக்கப் பிரிந்து வந்துவிடும்.

ரவிக்கை தைக்கும் தையல்காரருக்கு இதெல்லாம் பழகிய விஷயம். கையின் மேல்வளைவைக் கைக்குழியில் ஏற்றும்போது அவர் செய்வதும், கழுத்துக்குக் கிராஸ் பீஸ் வைத்துத் திருப்புமுன் ஓரத்தில் சின்னச் சின்னதாக வெட்டுப் போடுவதும் இதே கணக்கைத் தீர்க்கத்தான். ஒரு வேறுபாடு உண்டு. ரவிக்கை உடம்பின்மேல் உருண்டு நிற்பது; சிறு சுருக்கத்தைத் தோள் விழுங்கிவிடும். குவில்ட்டின் மேல்துணி மேசைமேல் சப்பையாகப் படுத்தாகவேண்டும். ஒரே கட்டம் நூறு முறை திரும்பத் திரும்ப வரும். ஒவ்வொன்றிலும் ஒரு நூலளவு பிசகினால் வரிசைக் கடைசியில் அது ஓர் அங்குலமாகிவிடும்.

துணி எப்படி ஒத்துழைக்கிறது? நெய்த துணி பாவு நூல் போக்கில் அநேகமாக நீளாது. ஊடைப் போக்கில் சற்று நீளும். இரண்டுக்கும் குறுக்கே, 45 பாகையில், தாராளமாக நீளும். கால்வட்ட ஓரம் ஒரு நூல் போக்கில் தொடங்கி, நடுவில் முழுக் குறுக்காகி, மறு நூல் போக்கில் முடிகிறது. ஆக ஒரே ஓரத்தில் முனைகள் விறைப்பு, நடு இளக்கம். இந்த இளக்கத்தால்தான் வளைவே சாத்தியம். இஸ்திரிப்பெட்டியை அழுத்தி இழுத்தால் கட்டம் கோணிப்போவதும் இதனால்தான். இரண்டு துண்டையும் பாதியாக மடித்து நடுப்புள்ளி குறித்து, அதை முதலில் சேர்த்துவிட்டுப் பிறகு முனைகளுக்குப் போவது பரவலான பழக்கம். வெட்டுமுன் கஞ்சி போடச் சொல்பவர்களும் உண்டு. அமெரிக்கக் கடைகளில் டப்பாவில் அடைத்து விற்கும் தெளிப்பு ஸ்டார்ச் செய்வது, நம் வீடுகளில் சோறு வடித்த கஞ்சி வேட்டிக்குச் செய்த வேலையையே. விறைத்த துணி வெட்டும்போது நழுவாது.

இதற்குமேல் கட்சிகள் பிரிகின்றன. பெரும்பான்மைக் கட்சி குழிந்த துண்டை மேலேயும் குவிந்த துண்டைக் கீழேயும் வைக்கச் சொல்கிறது. தையல் இயந்திரத்தின் பற்கள் அடித்துணியைப் பற்றி இழுக்கின்றன. மேல்துணியை பிரஸ்ஸர் ஃபுட் சற்றே தடுத்து நிறுத்துகிறது. ஆகவே நீளமான ஓரம் அடியில் இருந்தால் மிச்சத்தைப் பற்களே உள்வாங்கிவிடும். தலைகீழாகத் தைப்பவர்களும் இருக்கிறார்கள், அவர்கள் கட்டமும் சப்பையாகத்தான் வருகிறது. என்றாலும் முதல் கட்சியின் காரணம் எனக்குப் பொருந்தி வருகிறது. குண்டூசி எத்தனை என்பதில் இன்னும் பெரிய சண்டை: அறவே வேண்டாம் என்பவர், மூன்று போதும் என்பவர், நெருக்கமாகக் குத்தினால்தான் தூக்கம் வரும் என்பவர், ஊசியை விட்டுப் பசை தடவுபவர். இது கைப்பழக்கம், கொள்கையல்ல. குழிந்த ஓரத்தில் வெட்டுப் போடுவது மட்டும் கொள்கைக்குரியது. வளைவு விரிந்ததென்றால் தேவையில்லை, இறுகியதென்றால் வேண்டும். வெட்டு தையல் கோட்டைத் தொட்டுவிட்டால் அந்த இடம் பின்னால் ஓட்டையாகும்.

தைத்து முடித்த ஓரத்தை எந்தப் பக்கம் மடித்து இஸ்திரி போடுவது என்பதற்கும் மேற்சொன்ன கணக்கிலேயே விடை இருக்கிறது. குடைந்த துண்டின் பக்கம் மடித்தால் கால்வட்டத்தின் ஓரம் தன் இயல்பான இடத்திலேயே படுத்துவிடும். மற்ற ஓரம் விரியவேண்டும், வெட்டுகள் வாய்திறந்து அதற்கு இடம் தரும். மறுபக்கம் மடித்தால் கால்வட்டத்தின் நீளமான ஓரம் குறுகிய இடத்தில் நெருங்கித் தடித்து நிற்கும். துணியை விரிய வைப்பது எளிது, நெருக்கி ஒளித்து வைப்பது கடினம்.

இனி வரலாறு. பிரிட்டனில் தேதி பொறித்துக் கிடைத்துள்ள மிகப் பழைய துண்டுத்தையல் விரிப்பு 1718ஆம் ஆண்டினது, பட்டு, இப்போது பிரிட்டிஷ் குவில்ட் சங்கத்தின் சேகரிப்பில் இருக்கிறது. அதில் மனிதர், பறவை, விலங்கு, பூ எல்லாம் உண்டு, அவை துணிமேல் ஒட்டியவை அல்ல, இணைத்துத் தைத்தவை. வளைந்த ஓரங்கள் ஏராளம். தைத்த முறை எளியது: ஒவ்வொரு வடிவத்தையும் தாளில் வெட்டி, துணியை அதன்மேல் மடித்து நூலோட்டி, மடிப்போரங்களைக் கையால் சேர்த்துத் தைப்பது. துணியை மடிக்கும்போதே குழிந்த ஓரம் விரிகிறது, குவிந்த ஓரம் சுருங்குகிறது. ஆகவே இரண்டு துண்டுகள் சந்திக்கும் வேளையில் எந்த வித்தியாசமும் மிச்சமில்லை. அந்த அரை அங்குலக் கணக்கு முன்கூட்டியே, ஒவ்வொரு துண்டிலும் தனித்தனியாகத் தீர்க்கப்பட்டுவிட்டது. நேரம் பிடிக்கும் வேலைதான். ஆனால் நேர்விளிம்புக்கும் கிட்டத்தட்ட அதே நேரம்தான். கையால் தைப்பவருக்கு வளைவுக்கென்று தனி அபராதம் இல்லை என்பதை 1718 விரிப்பு போலத் தெளிவாகக் காட்டும் சான்று வேறில்லை. சாதாரண ஓட்டுத்தையலிலும் இதுவே நிலை. கை ஒவ்வொரு தையலுக்கும் நின்று துணியைச் சரிசெய்கிறது, இயந்திரம் நிற்பதில்லை.

நேர்விளிம்பை விரும்பியவர்கள் வளைவு அறியாதவர்கள் அல்லர் என்பதற்கு அமெரிக்காவின் லங்காஸ்டர் பகுதியில் எளிய வாழ்வைக் கடைப்பிடிக்கும் ஆமிஷ் என்ற கிறிஸ்தவப் பிரிவின் பெண்களைச் சொல்லலாம். அவர்களுடைய பழைய குவில்ட்டுகள் நடுவில் ஒரு பெரிய வைரவடிவம், சுற்றிப் பட்டைகள், அவ்வளவே. ஆனால் அதன்மேல் ஓடும் தையலோ இறகு மாலைகளும் கொடிகளுமாக வளைந்து வளைந்து போகிறது. எளிய துண்டு, செழித்த தையல் என்பது அவர்கள் தேர்ந்துகொண்ட வழி.

பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்காவில் கால்வட்டக் கட்டம் பரவியது. ஒரே சிறு கட்டத்தைத் திருப்பித் திருப்பி வைத்தே வேறு வேறு கோலங்கள் பிறப்பது அதன் கவர்ச்சி. ஒரு கட்டத்தை நான்கு திசையில் வைக்கலாம், இருநிறத்தை இரண்டு வகையாக மாற்றலாம்: எட்டு நிலை. நான்குக்கு நான்காகப் பதினாறு கட்டங்களை அடுக்கினால் சாத்தியங்கள் 2.8 கோடி கோடிக்கு மேல். அவற்றில் பெரும்பாலானவை பார்க்கச் சகிக்காது. நிலைத்துப்போன சில அடுக்குகளுக்குத்தான் தனிப்பெயர்கள்: 'காதல் மோதிரம்', 'முட்டாளின் புதிர்', 'சாலமனின் புதிர்', 'உலகைச் சுற்றி', தள்ளாடிப் போகும் வரிசைக்கு 'குடிகாரன் பாதை'.

பெயர் இப்படி இருந்தால் கதைகள் சேராமலிருக்குமா. 1874இல் தொடங்கிய பெண்கள் கிறிஸ்தவ மதுவிலக்குச் சங்கத்தோடு இந்தக் கோலத்தை, அதிலும் நீலமும் வெள்ளையுமாகத் தைத்ததை, இணைத்துப் பேசுவது வழக்கம். இன்னும் பெரிய கதை 1999இல் வந்த 'ஹிடன் இன் பிளெய்ன் வியூ' என்ற நூலால் பரவியது. தப்பியோடும் அடிமைகளுக்கு வழிசொல்லும் சங்கேதமாகக் குவில்ட்டுகள் வேலியில் தொங்கவிடப்பட்டன, குடிகாரன் பாதை என்றால் 'நேரே போகாதே, வளைந்து போ' என்று பொருள் என்கிறது அது. பார்பரா பிராக்மன் உள்ளிட்ட குவில்ட் வரலாற்றாசிரியர்கள் இதை ஏற்கவில்லை. அக்காலத்துச் சான்று எதுவும் இதற்குத் துணை நிற்கவில்லை. ஆனாலும் பள்ளிப்பாடம்வரை போய்விட்ட கதை இது. பொருள் இருந்தாகவேண்டும் என்ற ஆசை ஒரு கால்வட்டத்தையும் விட்டுவைக்கவில்லை.

வளைவின் பொற்காலம் என்று ஒன்றைச் சொல்வதானால் 1930களைச் சொல்வேன். ஒன்றோடொன்று கோத்த வளையங்களாலான 'டபுள் வெட்டிங் ரிங்', அதாவது இரட்டைத் திருமண மோதிரம், 1928இல் பத்திரிகையில் அச்சாகிப் பரவியது. அதே ஆண்டில் குவில்ட் மாதிரிகளை அச்சிடத் தொடங்கிய கான்சாஸ் சிட்டி ஸ்டார் நாளிதழ் 1961வரை விடாமல் வெளியிட்டது. இந்தக் கோலம் தைக்க நிதானம் வேண்டும்: சின்ன ஆப்பு வடிவத் துண்டுகளைச் சேர்த்து ஒரு வில், இரண்டு வில்லுக்கு நடுவே இலை வடிவத் துண்டு, அவற்றுக்கு நடுவே நான்கு பக்கமும் குழிந்த வெள்ளைத் துண்டு. ஒரு படுக்கை விரிப்பில் நூற்றுக்கணக்கான வளைவுத் தையல். பொருளாதாரப் பெருமந்தத்தின் நடுவில் இது எப்படிச் செழித்தது? விடை ஆப்புத் துண்டுகளில் இருக்கிறது. மாவும் தீவனமும் வந்த பூப்போட்ட பருத்திப் பைகளின் மிச்சம், பழைய கவுனின் மிச்சம், விரலளவு துணி எதுவும் அந்த வில்லில் அடங்கும். துணி அரிது, கைவேலைக்கோ கூலி யாரும் கேட்கவில்லை. அந்தக் கணக்கில் வளைவு மலிவு.

அந்தக் கணக்கைப் புரட்டியது ஒரு சக்கரக் கத்தி. ஜப்பானின் ஓல்ஃபா நிறுவனம் 1979இல் ரோட்டரி கட்டரைக் கொண்டுவந்தது. கீழே வெட்டுப்பாய், மேலே கனத்த அக்ரிலிக் அளவுகோல், அதை ஒட்டி ஓர் இழுப்பு. பல அடுக்குத் துணி ஒரே நேரத்தில் பட்டைகளாக விழும். அட்டை வைத்துப் பென்சிலால் வரைந்து கத்தரியால் வெட்டும் வேலை ஒழிந்தது. அதற்கு ஓராண்டு முன்பே குவில்ட் ஆசிரியை எலினார் பர்ன்ஸ் ஒரே நாளில் லாக் கேபின் குவில்ட் தைக்க வழிசொல்லி ஒரு புத்தகம் போட்டிருந்தார். பட்டையாக வெட்டு, பட்டையாகத் தை, பிறகு குறுக்கே வெட்டு என்ற வேகமுறை 1980களை ஆண்டது. நேர்விளிம்பின் விலை சரிந்தது. வளைவின் விலை அங்கேயே நின்றது. ஒப்பீட்டில் அது எட்டாத உயரத்துக்குப் போனது. 'வளைவு கடினம்' என்ற பேச்சு இன்றுள்ள வலுவைப் பெற்றது இதற்குப் பிறகுதான் என்று நினைக்கிறேன். நேர்கோடு எளிதாகிவிட்டது என்பதையே வளைவு கடினம் என்று சொல்லிக்கொண்டார்கள்.

எதிர்நீச்சல் போட்டவர்கள் அப்போதும் இருந்தார்கள். ஜாய்ஸ் ஷ்லாட்ஸ்ஹாவர் 1982இல் வெளியிட்ட நூல், ஒரு மெல்லிய வளைவால் இரண்டாகப் பிரிந்த சதுரத்தை வைத்தே ஒரு முறையை வகுத்தது. குவில்ட் கலைஞர் மைக்கேல் ஜேம்ஸ் நிறப் பட்டைகளை முதலில் நேராகச் சேர்த்துத் தைத்து, அந்தத் துணியை வளைவுகளாக வெட்டி மறுபடி இணைத்தார். அவருடைய 'ரிதம்/கலர்' வரிசையில் பட்டைகள் வளைவில் மோதி ஒடிந்து நடனமாடுகின்றன. ஆனால் ரோட்டரி கட்டரை வளைவின் பக்கம் திருப்பியதில் நான்சி குரோவுக்கு ஈடாக எவரையும் சொல்லமாட்டேன். ஒஹையோ மாநிலம் ஏதென்ஸில் 1979இல் குவில்ட் நேஷனல் கண்காட்சியைத் தொடங்கியவர்களில் அவரும் ஒருவர். அளவுகோலையும் அட்டையையும் தள்ளிவைத்துவிட்டுக் கத்தியை வெறுங்கையால் ஓட்டினார்.

இந்த வெறுங்கை முறையின் கணிதம் அழகானது. இரண்டு துணியை ஒன்றன்மேல் ஒன்றாக, இரண்டும் நல்லபக்கம் மேலே தெரிய வைத்து, ஒரே இழுப்பில் வளைவாக வெட்டுகிறோம். ஒன்றின் இடப்பகுதியை மற்றதன் வலப்பகுதியோடு சேர்த்துத் தைக்கிறோம். இங்கே வெட்டோரங்களின் நீளம் சமம். ஆனால் தையல் கோடு இரண்டிலும் கால் அங்குலம் உள்ளே தள்ளி விழுவதால் தையல் நீளங்கள் சமமில்லை. அட்டை முறையில் தையல் நீளம் சமம், வெட்டோரம் சமமில்லை. இங்கே அதன் தலைகீழ். வித்தியாசத்தின் அளவோ மாறவில்லை, திரும்பும் கோணம் பெருக்கல் அரை அங்குலம். 20 பாகை மட்டும் திரும்பும் மெல்லிய வளைவில் அது 0.17 அங்குலம், பருத்தி அதைச் சத்தமில்லாமல் தாங்கிக்கொள்ளும். கால்வட்டத்தில் முக்கால் அங்குலம். தாங்காது, கட்டம் கிண்ணமாகக் குழியும். வலப்பக்கம் திரும்பிப் பிறகு அதே அளவு இடப்பக்கம் திரும்பும் பாம்பு வளைவில் இரண்டும் ஒன்றையொன்று கழித்துவிடுவதால் முனைகள் அநேகமாகச் சரியாகவே வந்து சேரும். வெறுங்கைக் குவில்ட்டுகளில் ஆறு போல நெளியும் கோடுகள் அடிக்கடி வருவதும், முழு வட்டம் அரிதாக இருப்பதும் ரசனையால் மட்டுமல்ல.

பிந்தைய உபாயங்களை வேகமாகவே கடக்கலாம். அக்ரிலிக் அட்டைகள் ரோட்டரி கட்டரை வளைவில் ஓடவிட்டன. அச்சு வெட்டுப்பொறிகள் நடுப்புள்ளிக் குறியோடு துண்டுகளை வெட்டித் தள்ளுகின்றன. தாளில் அச்சிட்ட கோட்டின்மேலேயே தைக்கும் முறை, 1930இல் மவுண்டன் மிஸ்ட் நிறுவனம் 'நியூயார்க் பியூட்டி' என்று பெயரிட்டு வெளியிட்ட முள்முள்ளான வில் கோலத்தைச் சாதாரணர் கைக்குக் கொண்டுவந்தது. ஆனால் அது முட்களை மட்டுமே தீர்க்கிறது, அந்த வில்லைப் பின்புலத்தோடு சேர்க்கும் தையல் பழைய வளைவுத் தையல்தான். டேல் ஃபிளெமிங்கின் 2005ஆம் ஆண்டு நூல் முழு வட்டத்துக்கு ஒரு குறுக்குவழி தந்தது: ஃப்ரீசர் பேப்பர் என்னும் பூச்சுத்தாளில் வெட்டிய ஓட்டையின்மேல் துணியோரத்தை மடித்துப் பசையால் ஒட்டி, அடியில் வட்டத்துணியை வைத்து, மடிப்பைத் திறந்து அதன் தடத்திலேயே இயந்திரத்தை ஓட்டுவது. 1718இல் தாளின்மேல் மடித்தவர்களின் யோசனையேதான், ஊசிக்குப் பதில் பசை.

வளைவுத் தையலே இல்லாமல் வளைவு காட்டும் கோலங்களும் உண்டு. 'ஸ்டார்ம் அட் சீ'யில் உள்ளவை எல்லாம் சதுரமும் முக்கோணமும் வைரமும். ஆனால் சற்று விலகி நின்று பார்த்தால் அலைகள் சுருள்கின்றன. பார்ஜெல்லோ முறையில் பட்டைகளின் அகலத்தை மெதுவாகக் கூட்டிக் குறைத்து, படிப்படியாக ஏற்றி இறக்கினால் கண் அதை வளைவாகவே படிக்கிறது. 'கதீட்ரல் விண்டோ'வில் சதுரத்தை மடித்து, குறுக்காக அமையும் மடிப்போரத்தைச் சுருட்டி இழுத்துத் தைக்கிறார்கள்; குறுக்கு நீளும் குணத்தால் நேரோரம் தானே வில்லாகிறது. இவற்றை ஏமாற்று என்று ஒதுக்குபவர்கள் உண்டு. நான் ஒதுக்கமாட்டேன். ஸ்டார்ம் அட் சீயின் அலை, பல வளைவுத் தையல்களைவிட உயிரோட்டமானது.

கடந்த பதினைந்து ஆண்டுகளில் வளைவு மறுபடி எழுந்திருக்கிறது. 2013இல் நடந்த முதல் குவில்ட்கான் கண்காட்சியில் முதற்பரிசு பெற்ற விக்டோரியா ஃபிண்ட்லே வுல்ஃபின் 'டபுள் எட்ஜ்டு லவ்', 1930களின் அதே திருமண மோதிரக் கோலத்தின் புதுவடிவம். வெட்டும் வேலையைக் கருவிகள் மலிவாக்கிவிட்டன. தைக்கும் வேலை பெரும்பாலும் அப்படியே இருக்கிறது.

மோதிரக் கோலத்தில் கடைசியாக ஒரு தொல்லை மிச்சமிருக்கிறது: வெளியோரம். வளையங்கள் முடியுமிடத்தில் விளிம்பு மேகம்போல அலையலையாக நிற்கும். அதற்கு நேர்ப்பட்டை வைத்துக் கரைகட்ட முடியாது, குறுக்கே வெட்டிய கிராஸ் பட்டைதான் வளைவுக்கு வளையும். இரண்டு வளைவு சேரும் உள்மூலை ஒவ்வொன்றிலும் நின்று திருப்பவேண்டும். அதனால் பலர் கோலத்தைச் சுற்றி வெள்ளைத் துணி சேர்த்து விளிம்பை நேராக்கி, சாதாரணக் கரை கட்டி முடித்துவிடுகிறார்கள். துவைத்துப் புழங்கும் போர்வைக்கு அது உறுதியானது, குறை சொல்வதற்கில்லை. ஆனால் அலை விளிம்போடு முடித்த பழைய மோதிர விரிப்பொன்றைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், சட்டத்துக்குள் அடைபட்ட வளையங்கள் சற்று மூச்சுமுட்டுவதாகவே எனக்குப் படுகிறது.